கைவசம் ஒரு வாசகம்

(நம் அறக்கட்டளை தியாகதுருகத்தில் நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை.)



மன அழுத்தம் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்த வார்த்தை நம் வீடுகளில் அவ்வளவாகப் புழங்குவதில்லை. "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "ராத்திரி தூக்கம் வரல", "மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு" என்றுதான் சொல்கிறோம். உருது பேசும் வீடுகளில் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: ஃபிக்கர். ஊசி போடும் அறையில் இத்தனை வருஷம் நின்றவள் நான். பிரஷர் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் கையை நீட்டும்போதே ஃபிக்கரையும் சேர்த்து நீட்டுவார்கள். குழு லோன் தவணைக்குப் பணம் புரளவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன் இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை. மகளுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வருகிறது. இதற்கெல்லாம் என்னிடம் மாத்திரை இல்லை. ஆனால் அவர்களில் சிலர் ஒரு மருந்தைத் தாங்களே கைவசம் வைத்திருந்தார்கள். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நெஞ்சு அடித்துக்கொள்ளும் நேரத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு வாசகம். அவ்வளவுதான் அந்த மருந்து.

இது ஒன்றும் புதிதில்லை. "பதறாத காரியம் சிதறாது" என்று நம் பாட்டிமார் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தார்கள். "ஃபிக்கர் நக்கோ" என்று தாதியும் நானியும் சொன்னார்கள். ஹஸ்புனல்லாஹ் என்று சொல்லாமல் நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு மூட்டை தூக்கியதில்லை. இதையே ஒரு மருத்துவ முறையாக எழுதி வைத்தவர் ஒருவர் இருக்கிறார். அபூ ஸைத் அல்பல்கீ என்று பெயர். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் பகுதிக்காரர். கி.பி. 850 வாக்கில் பிறந்து 934-இல் மவ்த்தானவர். உடல் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்று ஒரு நூல் எழுதினார். கவலை, பயம், கோபம், வஸ்வாஸ் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பேசுகிறார். அதில் எனக்குப் பிடித்த ஆலோசனை ஒன்று உண்டு. திடீரென்று காய்ச்சலோ காயமோ வந்தால் உதவும் என்று வீட்டில் மருந்து வாங்கி வைக்கிறோம் அல்லவா? அதைப்போல, மனம் அமைதியாக இருக்கும் நாளிலேயே நல்ல எண்ணங்களைத் தயார் செய்து உள்ளே சேமித்து வைக்க வேண்டும், கலக்கம் வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். வெளியிலிருந்து பிறர் சொல்லும் ஆறுதல் ஒரு மருந்து, நமக்கு நாமே சொல்லிக்கொள்வது இன்னொரு மருந்து என்றும் பிரித்துச் சொல்கிறார். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய முதலுதவிப் பெட்டி இது.

நெஞ்சு படபடக்கும்போது புதிதாக யோசித்து ஒரு நல்ல வார்த்தை கண்டுபிடிக்க யாராலும் முடியாது. முன்கூட்டியே மனதில் பதிந்திருந்தால்தான் வாயில் வரும். அமைதியான நாளில் தயார் செய் என்று அவர் சொன்னது அதனால்தான்.

சரி, எந்த வாசகம்? இங்கேதான் பலருக்குக் குழப்பம். "நான் தைரியசாலி", "எல்லாம் நல்லதாகவே நடக்கும்" என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லச் சொல்லி இப்போது போனில் நிறைய வீடியோ வருகிறது. கனடாவில் ஜோன் வுட் என்ற ஆராய்ச்சியாளரும் உடன் இருந்தவர்களும் 2009-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்களிடம் தன்னைப் பாராட்டும் வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, அவர்களுக்கு மனம் தேறவில்லை, இன்னும் சோர்ந்தார்கள். வாய் ஒன்று சொல்ல, மனசு "பொய்" என்று பதில் சொல்கிறது. வேறென்ன நடக்கும்?

ஆகவே நம் வாசகம் உண்மையாக இருக்க வேண்டும். நான் கேட்டவற்றில் மூன்றைச் சொல்கிறேன். சவூதியில் டிரைவராக இருக்கும் மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாய் சொல்வது: "சேதி வர்ற வரைக்கும் சேதி இல்ல." இதை யோசித்துப் பாருங்கள். 'அவன் நல்லாத்தான் இருப்பான்' என்று அவர் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியாது. விபத்தாக இருக்குமோ என்று மனம் ஓட்டும் படத்துக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. போன் எடுக்கவில்லை, அது மட்டும்தான் தெரியும். அங்கேயே நின்றுகொள்கிறார். தையல் வேலை செய்யும் ஒரு பெண் சொன்னது: "கடன் பெருசு, தவணை சின்னது." ஒரு மாணவன் பரீட்சை ஹாலில் சொல்லிக்கொள்வது: "முதல்ல தெரிஞ்ச கேள்வி." அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. அடுத்து கை எங்கே போக வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது.

இன்னொரு சின்ன உபாயம். பெயர் சொல்லிப் பேசுவது. "எனக்கு ஏன் இப்படி" என்பதற்குப் பதிலாக, "பாத்திமா, இப்ப என்ன செய்யப் போற?" என்று தன்னையே கூப்பிட்டுக் கேட்பது. அமெரிக்காவில் ஈதன் கிராஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தன்னைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசியவர்கள் பதற்றமான நேரத்தை நன்றாகச் சமாளித்தார்கள். அடுத்த வீட்டுக்காரிக்குப் புத்தி சொல்ல நமக்கு எவ்வளவு நன்றாக வருகிறது! அந்தப் புத்தியை நமக்கும் கொஞ்சம் சொல்லிக்கொள்ளலாம்.

மெதுவாகச் சொல்லுங்கள், அதுவும் முக்கியம். இத்தாலியில் 2001-இல் நடந்த ஓர் ஆய்வில், கிறிஸ்தவர்களின் ஜெபமாலையையும் திபெத்திய பௌத்த மந்திரத்தையும் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிஷத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கி, இதயத் துடிப்பின் ஒழுங்கும் சீரானது. சாதாரணமாக நாம் பன்னிரண்டுக்கு மேல் மூச்சு விடுகிறோம். திக்ரின் நன்மை அல்லாஹ்விடம் இருக்கிறது, அதை ஆராய்ச்சியால் அளக்க நான் வரவில்லை. ஆனால் தஸ்பீஹ் மணியை எண்ணிக்கைக்காக வேகமாகத் தள்ளுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்தி ஓதினால் உடம்புக்கும் நல்லது.

இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு. தனக்குச் சொல்லிக்கொள்ளும் வாசகம் வேறு, அடுத்தவர் வாயை அடைக்கும் வாசகம் வேறு. "ஸப்ரு செய்" என்பது பெரிய வார்த்தை. அதை நாம் மூடி போலப் பயன்படுத்துகிறோம். ஓர் இளம்பெண், முதல் பிரசவம். மூன்று வாரமாகத் தூக்கமில்லை, குழந்தையைப் பார்த்தால் அழுகை, சாப்பாடு இறங்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் "ஸப்ரு செய்ம்மா, ஓதும்மா" என்றார்கள். ஓதிக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் அவள் மாமியார், எழுதப் படிக்கத் தெரியாதவர், "இது ஸப்ரு இல்லாம இல்ல, இது நோவு" என்று சொல்லி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வந்தார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. மருத்துவத்தில் குணமானாள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

நபி (ஸல்) அவர்கள் தங்கள் மகன் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் விட்டார்கள். யஃகூப் (அலை) அழுது அழுது பார்வையே போனது. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புக் கேட்டு நபியவர்களே துஆ செய்தார்கள். அழுகிறவர்களுக்கு ஈமான் குறைவு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஏர்வாடியை மறந்துவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவை ஒட்டி நடந்த ஒரு மனநல இல்லத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் போனார்கள். அதன் பிறகு வழி மாறியது. குஜராத்தில் மீரா தாதார் தர்காவிலும், பின்னால் ஏர்வாடியிலும், துஆவோடு தவாவும் என்று மனநல மருத்துவரையும் அங்கேயே உட்கார வைத்தார்கள். துஆவை விடு என்று யாரும் சொல்லவில்லை. மருந்தையும் சேர்த்துக்கொள் என்றார்கள்.

ஆகவே, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலை எல்லாம் கெட்டுப்போனால் வாசகத்தோடு நிற்காதீர்கள். சாகலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே சொல்லுங்கள். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு வாங்குங்கள். போக வெட்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். அரசு நடத்தும் டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழில் பேசலாம். பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

கேள்வி நேரத்தில் ஒரு தங்கச்சி, "வாசகத்தை அரபியில்தான் வைத்துக்கொள்ளணுமா அக்கா?" என்று கேட்டது. திக்ரு திக்ராக இருக்கட்டும். அதோடு, உங்களுக்குக் கோபமோ பயமோ வந்தால் எந்த மொழியில் கத்துகிறீர்களோ, அந்த மொழியில் இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் சின்ன அட்டைகள் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று எடுத்துப் போய் உங்கள் வாசகத்தை நீங்களே எழுதுங்கள். பின்பக்கம் 14416 அச்சாகி இருக்கிறது. அரிசி டப்பாவிலோ பர்ஸிலோ வையுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம்.