குடை பிடித்த கைக்கு ஒரு நாற்காலி

(பெரம்பலூரில் நடந்த திரைப்பட உரையாடல் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆய்வு மாணவரைப் பேசக் கூப்பிட்டால் கோட்பாடாகப் பேசித் தூங்க வைத்துவிடுவார் என்று பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். நான் என் பட்டப்பெயரிலிருந்து தொடங்குகிறேன். கல்லூரி விடுதியில் மூன்று வருஷமும் என் பெயர் 'கைப்புள்ள'.

அந்தப் பெயர் வந்த கதை சின்னதுதான். செந்துறைப் பக்கத்துக் காலனியிலிருந்து படிக்கப் போனவன் நான். கறுப்பாக, ஒல்லியாக இருப்பேன். ஒருநாள் இஸ்திரி போட்ட சட்டையும் புதுக் கூலிங் கிளாசுமாக மெஸ்ஸுக்குள் நுழைந்தேன். வரிசையில் நின்ற ஒருவன் "கைப்புள்ள வந்துட்டாண்டா" என்றான். மெஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் அசிங்கம் இல்லையா? அதே மெஸ்ஸில் இன்னும் நாலு பேர் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார்கள், அவர்களுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அதனால் வடிவேலுவைப் பற்றிப் பேசுவது எனக்கு என்னைப் பற்றிப் பேசுவது மாதிரி. ஒரு நகைச்சுவை நடிகர் எந்த வேடத்தை ஏற்கிறார், எது அவருக்குக் கொடுக்கப்படுகிறது, அதில் எதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம் என்ற மூன்றும் சேர்ந்துதான் அவருடைய திரைவாழ்க்கை ஆகிறது. மூன்றாவதில் நமக்கும் பங்கு இருக்கிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது அதுதான். அவர் எந்தச் சாதி என்பது என் கேள்வியே இல்லை. திரையில் அவர் உடம்பை எங்கே நிறுத்தினார்கள் என்பதுதான் என் கேள்வி.

முதலில் 1992. அதற்கு முந்தைய வருஷம் 'என் ராசாவின் மனசிலே' படத்தில் கவனிக்கப்பட்ட புதுமுகம் அவர். 'சின்னக் கவுண்டர்' வருகிறது. ஊர்ப் பெரிய மனிதராக விஜயகாந்த் நடந்து வருவார், பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு வடிவேலு வருவார். மதுரையிலிருந்து வாய்ப்புத் தேடி வந்த மனிதருக்கு அந்தக் குடையே பெரிய விஷயம். வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவர் இல்லை. ஆகவே வேடத் தேர்வு என்று நாம் பேசும்போது, ஒரு நடிகர் கடையில் சட்டை எடுக்கிற மாதிரி வேடம் எடுத்தார் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

அதே 1992 தீபாவளிக்கு 'தேவர் மகன்'. இசக்கி என்ற வேலைக்காரன். பெரிய வீட்டுப் பிள்ளைக்காகக் கோயில் பூட்டை உடைக்கிறான், அதற்கு விலையாகக் கையை இழக்கிறான். மருத்துவமனையில் அந்த இசக்கி பேசுகிற காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். முகத்தில் சிரிப்பும் இருக்கிறது, போன கையின் வலியும் இருக்கிறது. இந்த மனிதரால் எதையும் நடிக்க முடியும் என்பது 1992இலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? இசக்கி மாதிரி கனமான இன்னொரு வேடம் எழுதினார்களா? அடி வாங்க வைத்தார்கள். அடுத்த பதினைந்து வருஷம் அவர் வாங்காத அடி இல்லை.

'வின்னர்' (2003) கைப்புள்ளையை எடுத்துக்கொள்வோம். சங்கத்துக்குத் தலைவன், ஊருக்குள் பெரிய ஆள் என்று தானே சொல்லிக்கொள்கிறவன். நெஞ்சை நிமிர்த்திப் போவான், அடி வாங்கித் திரும்புவான். 'தலைநகரம்' (2006) நாய் சேகரும் அப்படித்தான். ஒரு மனிதன் தனக்கு ஒதுக்கிய இடத்தைவிட ஒரு படி மேலே ஏறி நிற்கிறான், உடனே அடித்துக் கீழே இறக்குகிறார்கள், நாம் சிரிக்கிறோம். இந்தச் சிரிப்பின் சூத்திரம் எனக்கு விடுதி மெஸ்ஸில் பழக்கமானது. "இவனுக்கு எதுக்கு இந்தப் பவுசு?" என்ற கேள்வி ஊரில் சாதியாக வருகிறது, திரையில் காமெடியாக வருகிறது.

ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அந்தக் கலைஞனுக்கு அநியாயம் செய்ததாகும். அந்தச் சூத்திரத்துக்குள்ளேயே அவர் ஒரு வேலை செய்தார். அடி வாங்கியவன் எழுந்து, தூசியைத் தட்டி, ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி நடப்பான். நம் தெருப் பிள்ளைகள் அவரைக் கொண்டாடியது அந்த எழுந்து நடத்தலுக்காகத்தான் என்று நினைக்கிறேன். 2001இல் வந்த 'ஃபிரண்ட்ஸ்' படத்தின் காண்டிராக்டர் நேசமணிக்காக 2019இல் உலகமே இணையத்தில் பிரார்த்தனை செய்து விளையாடியது. அப்போது அவர் கையில் படமே பெரிதாக இல்லை.

ஏன் இல்லை? இங்கே கொஞ்சம் அரசியலும் பேச வேண்டும்.

2006இல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'. முதல் தடவையாகக் கதைநாயகன், அதுவும் ராஜா, இரட்டை வேடம். அந்தப் படத்தில் ராஜா சாதிச் சண்டை போடுவதற்கென்றே ஒரு மைதானம் திறந்து வைப்பார். நம் காலத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான நகைச்சுவையை நான் அதிகம் பார்த்ததில்லை. குடை பிடித்தவர் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார், மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், படம் பெரிய வெற்றி.

2011 சட்டமன்றத் தேர்தல். வடிவேலு தி.மு.க.வுக்காக மேடை மேடையாகப் பேசுகிறார், விஜயகாந்தை எதிர்த்து. முடிவு வந்தபோது தே.மு.தி.க. 29 இடங்களில் வென்று விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். வடிவேலு கிட்டத்தட்ட மூன்று வருஷம் புதுப் படம் இல்லாமல் வீட்டில் இருந்தார். அவர்களுக்குள் சொந்தப் பகை இருந்தது, ஆட்சி மாறியது, காரணங்கள் பல. மறைந்த விஜயகாந்தின் நல்ல மனதைக் குறை சொல்வதும் என் நோக்கமில்லை. நான் பார்ப்பது வேடங்களின் கணக்கை. ஊர்ப் பெரிய மனிதராக நடித்தால் அந்த வேடம் நிஜ மேடையிலும் உங்களைத் தூக்கி நிறுத்தும். நம் பெரம்பலூருக்கே தெரியும்: இந்த நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதியாக இருந்து பொதுத்தொகுதியாக மாறி 2009இல் தேர்தல் நடந்தபோது வென்றவர், 'எஜமான்' படத்து வல்லவராயனாக மீசை முறுக்கிய நெப்போலியன். அடி வாங்குகிற வேடத்துக்கு அந்த மூலதனம் கிடையாது. சிரிக்க வைத்தவன் மேடை ஏறிக் கோபமாகப் பேசினால், அவனைக் காமெடியன் என்றே முடித்துவிடுவார்கள்.

திரும்பி வந்தபோது 'தெனாலிராமன்' (2014), 'எலி' (2015). பழைய சிம்மாசனத்தையும் பழைய சூத்திரத்தையும் திருப்பிச் செய்து பார்த்தார், எடுபடவில்லை. புலிகேசியின் அடுத்த பாகத்தில் தயாரிப்புத் தரப்போடு மோதல். அது தீர 2021 ஆகிவிட்டது. 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' (2022) அதே பழைய பெயரை நம்பி வந்தது, அதுவும் போனது. இங்கே அவருடைய தேர்வையும் நாம் விமர்சிக்கத்தான் வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் இடத்துக்கு வந்துவிட்ட பிறகும் பழைய சட்டையையே தேடினார்.

இப்படித்தான் ஆக வேண்டும் என்று விதி ஒன்றும் கிடையாது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' செய்தார். நந்தனார் கதை நமக்குத் தெரியும். நமக்குத் தெற்கே ஓடுகிற கொள்ளிடத்தின் கரையில் ஆதனூர் என்கிறது பெரியபுராணம். தில்லைக்குப் போக ஏங்கியவர், நெருப்பில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது. கலைவாணர் அந்தக் காலட்சேப வடிவத்தையே எடுத்துக்கொண்டு, கோயிலுக்குப் போக ஏங்குகிறவனைப் படிக்க ஏங்குகிறவனாக மாற்றினார். கிந்தன் படித்து அதிகாரியாகி ஊர் திரும்புகிறான். சபை சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு கிந்தனை மிதிக்கவில்லை, அவனைப் படிக்க விடாத ஊரைப் பார்த்துச் சிரித்தது.

அப்படி ஒரு வேடம் வடிவேலுவுக்கு 2023 ஜூனில் வந்தது. 'மாமன்னன்' இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசனை வைத்துக்கொண்டே, 'தேவர் மகன்' இசக்கிதான் மாமன்னன் ஆகியிருக்கிறார் என்ற பொருளில் மாரி செல்வராஜ் பேசினார். கை போன இசக்கிக்கு 31 வருஷம் கழித்து ஒரு நாற்காலி.

கதை தனித்தொகுதி எம்.எல்.ஏ. ஒருவரைப் பற்றியது. பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதிதான், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த எம்.எல்.ஏ. கட்சிப் பெரிய வீட்டுக்குப் போனால் நின்றுகொண்டே பேசுவார். உட்கார் என்று சொல்ல மகன் வர வேண்டியிருக்கிறது. இது சினிமாக்காரர் கற்பனை என்று யாராவது சொன்னால் நம் பக்கத்து மாவட்டத்தைக் காட்டுங்கள். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் நாடு முழுக்க ஓடியது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள்.

மாமன்னனாக வடிவேலு என்ன செய்தார் என்பதைவிட, என்ன செய்யவில்லை என்று பாருங்கள். உடம்பை வளைக்கவில்லை. குரலை இழுக்கவில்லை. முப்பது வருஷம் சோறு போட்ட கருவிகளை எல்லாம் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றார். அந்தச் சும்மா நிற்றலில், இத்தனை வருஷம் வாங்கிய அடியெல்லாம் நமக்கு ஞாபகம் வந்தது. வேறு ஒரு குணச்சித்திர நடிகர் அந்த வேடத்தைச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் நம் சிரிப்பின் மேல் நமக்கே குற்ற உணர்வு வந்திருக்காது.

என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சிமென்ட் மூட்டை தூக்கிய மனிதர். தியேட்டரில் வடிவேலு வந்ததும் சிரிக்கத் தயாராக இருந்தார். நாற்காலிக் காட்சியில், பக்கத்தில் எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "உக்காருய்யா" என்றார். திரையில் இருப்பவரிடம் சொன்னாரா, அவருக்கே சொல்லிக்கொண்டாரா, நான் கேட்கவில்லை.

இத்தோடு முடித்தால் நமக்கெல்லாம் நிம்மதியாக இருக்கும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. படம் ஓடிடியில் வந்த வாரத்தில் என்ன நடந்தது? வில்லன் ரத்தினவேலுக்கு ஆதிக்க சாதிப் பெருமைப் பாட்டுகளைப் பின்னணியாகப் போட்டு வீடியோ வெட்டி வெட்டிப் பரப்பினார்கள். நாயை அடித்துக் கொல்கிறவனைக் கதாநாயகன் ஆக்கினார்கள். நடிகர் சரியான வேடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார், இயக்குநர் சரியாக எழுதிவிட்டார். பார்க்கிறவர்கள் தங்கள் தேர்வைச் செய்துகொண்டார்கள்.

யோகி பாபுவின் 'மண்டேலா' 2021 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. பெயர்கூட இல்லாத முடிதிருத்தும் தொழிலாளியின் ஒரு ஓட்டுக்காக ஊரின் இரண்டு சாதியும் அவன் காலில் விழும். வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் அரியலூர் மாவட்டத்துக்காரர்கள் அந்தச் சிரிப்பை முழுசாகச் சிரிக்க முடியுமா? 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளில், பொன்பரப்பியில் நம் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. அங்கே பானைச் சின்னம் வெறும் சின்னமாக இருக்கவில்லை, உடைக்க வேண்டிய பொருளாக இருந்தது. படத்தில் ஓட்டு ஒருவனுக்குப் பெயர் கொடுத்தது. நிஜத்தில் ஓட்டுப் போட்டதற்கு வீட்டை விலையாகக் கேட்டார்கள்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டினான் என்பதற்காகக் கல்லூரி மாணவன் ஒருவனின் கைகளை வெட்டினார்கள் என்று குடும்பம் புகார் கொடுத்தது. செய்தியைப் படித்ததும் எனக்கு இசக்கியின் கை ஞாபகம் வந்தது. கூடவே கைப்புள்ளையும் வந்தான். "இவனுக்கு எதுக்கு இந்தப் பவுசு?" அதே கேள்விதான், இந்தத் தடவை அரிவாளோடு.

தோழர்களே, வடிவேலு இனிமேல் காமெடி பண்ணக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சிரிப்பு நமக்கு வேண்டும், வேறு யாரையும்விட நமக்குத்தான் அதிகமாக வேண்டும். இங்கே குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். காமெடியனுக்கு வேடம் எழுதும்போது, அவனை எங்கே நிற்க வைக்கிறோம் என்று ஒரு தடவை யோசியுங்கள். படம் எடுக்காதவர்கள் சிரிக்கும்போது யோசியுங்கள்: நான் எழுந்து நடக்கிறவனோடு சேர்ந்து சிரிக்கிறேனா, அடித்து இறக்குகிறவனோடு சேர்ந்து சிரிக்கிறேனா?

விடுதி நண்பர்களில் சிலர் இன்னும் என்னைக் கைப்புள்ள என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். கூலிங் கிளாஸ் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வெளியே வெயில் அதிகம், போகும்போது போட்டுக்கொண்டுதான் போவேன்.