மறுத்த நாட்டாரும் அடிமை ஓலையும்



கிரேக்க மெய்யியல் பிற்காலக் குடியரசுச் சிந்தனைக்கு என்ன தந்தது என்று ஆராய நாகர்கோவிலில் கூடியிருக்கிறோம். மக்களாட்சியைத் தந்தது என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் ஏதென்ஸ் மக்களாட்சியை ஐயத்தோடுதான் பார்த்தார்கள். அதிகாரம் ஒரே கையில் சேர்ந்தால் கெட்டுப்போகும் என்ற எச்சரிக்கையைத்தான் குடியரசுவாதிகள் கிரேக்கர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பொலிபியஸ், ரோமின் வலிமைக்குக் காரணம் கான்சல்களும் செனட்டும் மக்களும் ஒருவரையொருவர் தடுத்து நிறுத்த முடிவதே என்று விளக்கினார். சிசரோ, மாக்கியவெல்லி, மாண்டெஸ்கியூ வழியாக அந்த எண்ணம் 1787இல் அமெரிக்க அரசமைப்பை எழுதியவர்களை எட்டியது. இந்த வரலாற்றைக் கட்டுரையாளர்கள் விரிவாகப் பேசுவார்கள்.

நான் பேச விரும்புவது இங்கே நாஞ்சில் நாட்டிலுள்ள அழகியபாண்டியபுரத்தைப் பற்றி. அங்கே முதலியார் வீட்டில் இருந்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்தார்; நம் காலத்தில் அ.கா. பெருமாள் பதிப்பித்திருக்கிறார். அவற்றின்படி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வருமுன், நாஞ்சில் நாட்டார் கூட்டம் கூடி, வழக்கத்தில் இல்லாத வரியைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அவர்கள் அரிஸ்டாட்டிலைப் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் ‘அரசியல்’ நூலின் மூன்றாம் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வருகிறது. ஒருவர் செலவில் நடக்கும் விருந்தைவிடப் பலர் கொண்டுவந்து சேர்க்கும் விருந்து மேலாவதுபோல, பலர் கூடி எடுக்கும் முடிவு மேலானதாக இருக்கக்கூடும் என்கிறார் அவர். அரசனிடம் ‘முடியாது’ என்று சொன்ன நம் முன்னோரை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அதே வீட்டு ஓலைகளில் அடிமைகளை விற்ற ஆவணங்களும் உண்டு. வரி மறுத்தவர்களின் வயலில் நாற்று நட்டவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. அரிஸ்டாட்டிலும் தம் நூலின் முதல் பகுதியிலேயே, இயல்பாகவே அடிமைகளாகப் பிறப்பவர் உண்டு என்று வாதிடுகிறார். சிலருக்கு உரிமை, அந்த உரிமைக்கு உழைக்கப் பிறர் என்ற ஏற்பாட்டை ஏதென்ஸிலும் காண்கிறோம், நாஞ்சில் நாட்டிலும் காண்கிறோம். எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. கூடிப் பேச ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு பிறர் முதுகிலிருந்து வந்தது.

திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல் ஒழிக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், அதை அனுமதிக்கும் அரசாணை 1859இல் வந்தது. அதற்கு முன்பே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் ஒடுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். அரசன் அவரைச் சிறையிலிட்டான். அரிஸ்டாட்டில் வெளியே நிறுத்தியவர்களின் குரல் அது. குடியரசுச் சிந்தனையின் வரலாற்றில் அதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியாக வேண்டும். 1950இல் பிறந்த நம் குடியரசு வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை தந்ததற்கு மாண்டெஸ்கியூவை மட்டும் படித்தால் விளக்கம் கிடைக்காது.

ஆகவே இளம் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். ‘அரசியல்’ நூலின் மூன்றாம் பகுதியை மேற்கோள் காட்டுபவர்கள் முதல் பகுதியையும் சேர்த்துப் படியுங்கள். நாட்டார் முடிவுகளைப் பற்றி எழுதுபவர்கள், அதே தொகுப்பிலுள்ள அடிமை ஓலைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.