புழுதி விதைப்பும் பசிபிக் கடலும்



புரட்டாசி பிறந்தால் இராமநாதபுரம் சீமையில் எல்லாக் கண்ணும் வானத்தின் மேல்தான். காய்ந்த மண்ணை உழுது, நெல்லைப் புழுதியிலேயே விதைத்துவிட்டு, வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும் மண் இது. மழை பிந்தினால் விதைநெல் எறும்புக்கும் பறவைக்கும் போகும். ஒரு தூறலோடு நின்றுவிட்டாலோ முளைத்ததெல்லாம் கருகும்.

அந்த மழையைக் கணிக்கும் வேலை கோயம்புத்தூரில் நடக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம், பருவம் தொடங்குமுன் மாவட்டவாரியாக மழையளவைக் கணித்துச் சொல்கிறது. வேளாண் வானிலையியல் மாணவர்கள் ஆய்வு செய்யும் இடமும் அதுதான். பசிபிக் கடலின் மேற்பரப்பு வெப்பம், தாகித்தி தீவுக்கும் ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாடு, இவற்றைப் பார்க்கிறார்கள். முன்பு எந்தெந்த ஆண்டுகளில் கடலும் காற்றும் இப்படியே இருந்தன, அப்போது இங்கே எவ்வளவு பெய்தது என்று ஆஸ்திரேலிய மென்பொருளான 'ரெயின்மேன்' உதவியோடு ஒப்பிடுகிறார்கள்.

ஒரு மழையளவுக்கு 60 சதவீத வாய்ப்பு என்றால் என்ன பொருள்? இதே போன்ற பத்து ஆண்டுகளில் ஆறில் அந்த அளவாவது பெய்யும், நான்கில் பெய்யாது. அந்த நான்கையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான கணிப்பு. விதைநெல் முழுவதையும் ஒரே நாளில் இறைப்பதா, பாதியைக் கையில் வைப்பதா என்று விவசாயி முடிவெடுக்க அந்த நான்கும் தெரிய வேண்டும்.

ஆனால் பருவக் கணிப்பில் தெரியாத மழையும் உண்டு. 2024 நவம்பர் 20 அன்று இராமேஸ்வரத்தில் பத்து மணி நேரத்தில் 41 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டத்தின் ஓராண்டு மழையில் ஏறக்குறையப் பாதி! பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வெளுத்து வாங்கியது. அளவு மட்டும் ஊருக்கு ஊர் வேறு. இப்படிச் சிறு பரப்பில் திரளும் மேகத்தைச் சில மணி நேரம் முன்னதாகத்தான் பிடிக்க முடியும். அதற்கு ராடார் வேண்டும், நெருக்கமாக மழைமானிகள் வேண்டும்.

வட்டாரத்துக்கு ஒன்றாகத் தமிழகம் முழுக்க 385 தானியங்கி வானிலை நிலையங்களைப் பல்கலைக்கழகம் நிறுவியது. கடலுக்குள் நீண்டு கிடக்கும் இராமேஸ்வரம் கரைக்கு வட்டாரத்துக்கு ஒன்று போதாது என்பது என் உறுதியான எண்ணம். இராமநாதபுரத்தில் அதே பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வானிலை படிக்கும் மாணவர்கள் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அங்கே தங்கட்டும். மண்டபம் முதல் தனுஷ்கோடி வரை மழைமானி வைத்து, முந்தைய நாள் கணிப்பையும் மறுநாள் பெய்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஊராட்சிப் பலகையில் ஒட்டட்டும்.