பூட்டு யார் கையில்?

(‘கணினி விளையாட்டை வாங்கச் சிறந்த வழி குறுந்தகடா? பதிவிறக்கமா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘பதிவிறக்கமே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே, குறுந்தகட்டைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் எதிரணி அன்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு போடு போட்டார். “காசு கொடுத்தா கையில ஒரு பொருள் வரணும். கத்தரிக்காய் வாங்கினா கத்தரிக்காய் வருது. டவுன்லோட் பண்ணினா என்னங்க வருது? காத்துதான் வருது!” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல பேச்சுக்கு அணி பார்க்கக் கூடாது. ஆனால் தாயே, கத்தரிக்காய் கைக்கு வந்தால் போதுமா? அறுத்துப் பார்க்க வேண்டாமா? (சிரிப்பு)

அறுத்துப் பார்ப்போம். 2015-இல் ‘மெட்டல் கியர் சாலிட் 5’ வந்தது. கணினிக்கென்று கடையில் அழகான பெட்டி, உள்ளே பளபளவென்று தகடு. அந்தத் தகட்டில் விளையாட்டே கிடையாது! இணையத்திலிருந்து இறக்கிக் கொள்வதற்கான ‘ஸ்டீம்’ என்ற சின்ன நிரல்தான் இருந்தது. கல்யாணத்துக்கு அழைத்து, பந்தியில் உட்கார வைத்து, இலையும் போட்டு, இலையில் ஓட்டல் விலாசத்தை எழுதி வைத்த கதை! (பலத்த சிரிப்பு)

அதற்கும் காரணம் உண்டு. ஒரு சாதாரண டிவிடி 4.7 ஜி.பி.தான் கொள்ளும். விளையாட்டுகளோ வளர்ந்துவிட்டன. அதே 2015-இல் ‘ஜி.டி.ஏ. 5’ கணினிக்கு ஏழு டிவிடியாக வந்தது. ஏழாவதில் கீறல் விழுந்தால் மற்ற ஆறை வைத்துக்கொண்டு தோசையா வார்ப்பது?

“விளையாடி முடித்த தகட்டை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமே” என்றார் ஒரு நண்பர். நல்ல மனசு. ஆனால் 2004-இல் வந்த ‘ஹாஃப் லைஃப் 2’ தகட்டை வாங்கியவரும் ஸ்டீமில் கணக்குத் தொடங்கிப் பதிவு செய்தால்தான் ஆடலாம். பதிந்தபின் அது அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். தகட்டை மட்டும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து என்ன பயன்? பழைய தகடுகள் பலவற்றில் ‘சேஃப்டிஸ்க்’ என்ற பூட்டு. 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. தகடு கையில் இருக்கிறது, கணினி இருக்கிறது, விளையாட்டு ஓடவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றார்கள் நம் பெரியவர்கள். தகட்டுச் சுரைக்காயும் அப்படித்தான்! (கைதட்டல்)

அடுத்து ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டு. 2014-இல் வெளியிட்டவர்கள், 2024 மார்ச் 31-இல் தங்கள் கணினிச் சேவையை நிறுத்தினார்கள். தகடு வாங்கியவருக்கும் போச்சு, பதிவிறக்கியவருக்கும் போச்சு.

“பார்த்தீர்களா, டவுன்லோடும் போச்சே!” என்று எதிரணித் தலைவர் துள்ளுகிறார். உட்காருங்கள் ஐயா, அதற்குத்தான் வருகிறேன். வீடு நம்முடையதா என்பதைச் செங்கல்லா மண்ணா என்று பார்த்தா சொல்வது? சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பதிவிறக்கத்தில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, ஒவ்வொரு கடையாரின் தயவிலும் ஓடுவது. இன்னொன்று, முழுசாக நம் வீட்டுக்கு வந்துவிடுவது. போலந்தில் 2008-இல் தொடங்கிய ‘ஜி.ஓ.ஜி.’ என்ற இணையக் கடை இரண்டாவது வகையை விற்கிறது. நிறுவும் கோப்பை இறக்கி நம் ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம். பிறகு இணையம் இல்லாமலே நிறுவலாம், ஆடலாம். ‘விட்சர் 3’ அங்கே அப்படித்தான் கிடைக்கிறது.

இந்த வித்தியாசத்தைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. கலிபோர்னியாவில் 2024-இல் இயற்றி 2025 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், “விற்பது பொருளல்ல, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்” என்கிறது. நிரந்தரமாக இறக்கி, இணையமின்றிப் பயன்படுத்தும்படி விற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கு ஒன்றரை ஜி.பி. என்று அளந்து கொடுக்கும் வீட்டில் 50 ஜி.பி. இறக்க முப்பது நாளுக்கு மேல் ஆகும். அது கஷ்டம்தான். ஆனால் ஒருமுறை பட்ட கஷ்டம். இறங்கிய கோப்பு நம்மோடு இருக்கும்.

நடுவர் அவர்களே, நான் தமிழ் வாத்தியார். ஓலைச்சுவடி எனக்குப் பாடம் சொல்லியிருக்கிறது. எவ்வளவு நல்ல ஓலையானாலும் ஒரே படியாகப் பரணில் கிடந்தால் கரையான்தான் படிக்கும். படியெடுத்து வைத்த வீடுகளில்தான் தமிழ் பிழைத்தது. கீறல் விழும் தகட்டை நம்புவதா, இரண்டு இடத்தில் படியெடுத்து வைக்கக்கூடிய கோப்பை நம்புவதா?

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை விளையாட்டு கேட்டால் அதட்டாதீர்கள். பணம் கட்டுமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “கண்ணு, நெட் இல்லாம இது ஓடுமா?” ஓடும் என்று தெரிந்தால் வாங்கிக் கொடுங்கள். இறக்கி, இரண்டு படி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வசதியைத் தருவது பதிவிறக்கமே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)