வெள்ளைப் புடவை என்று யார் சொன்னது?

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, கவிதை வாசிப்பேன்னு நினைச்சு வந்திருப்பீங்க. இன்னைக்கு ஒரு போட்டோவைத்தான் கொண்டுவந்திருக்கிறேன்.

வங்கியில் என் சீட்டு, விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டி, பேரைச் சரிபார்த்து, முத்திரை குத்துகிற சீட்டு. ஊரார் முகத்துக்கெல்லாம் பேர் கேட்கிற எனக்கு, எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்த இந்த முகத்தின் பேர் தெரியாது. "எங்க ஆயா அது, மடியில எங்கப்பன்" என்று மட்டும் அத்தை சொல்லுது. அதுக்கு எண்பது வயசாச்சு.

ஆயாவின் புருஷன் குடியாத்தம் பக்கமிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சுரங்கத்தில் இறங்கியவர். 1918-ல் ஊர் ஊராக வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சலில் செத்துப்போனார். படத்தில் ஆயா வெள்ளைப் புடவை. அப்ப 1918-க்குப் பிறகு எடுத்தது, அப்ப அந்தக் கைக்குழந்தை யாருக்கு? சொந்தக்காரர்களே இதைக் கிசுகிசுத்திருக்கிறார்கள். அறுத்துக் கட்டுவது நம்ம சேரிகளில் இருந்த வழக்கம்தான். யாருக்குப் பிறந்திருந்தாலும் தாத்தா எனக்குத் தாத்தாதான். எனக்கு உறுத்தியது வேறு. தாலியறுத்தவள் வெள்ளை கட்டணும் என்பது யார் வீட்டுச் சட்டம்? சேற்றில் நாற்று நடுகிறவளுக்கு வெள்ளைப் புடவை கட்டுப்படியாகுமா? நம்ம ஆயாவைக்கூட அக்ரகாரத்துக் கண்ணை வாங்கி மாட்டிக்கொண்டுதான் பார்த்திருக்கிறோம்.

ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். பழைய பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாதாம். அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிந்தது. சிவப்பு கறுப்பாக விழும், வெளிர்நீலம் வெள்ளையாகவே விழும். "நெத்தியப் பாருங்க தம்பி" என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கறுப்பாக ஒரு வட்டம், குங்குமம். கைம்பெண்ணுக்குப் பொட்டு ஏது என்று அவங்க கணக்குப்படியே திருப்பிக் கேட்கலாம். புடவை நீலம்தான்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். வெள்ளைன்னு இனி யாரும் சத்தியம் பண்ண முடியாது.

அட்டையின் பின்பக்கம் தபால் கார்டு மாதிரி அச்சடித்திருக்கிறது, நடுவில் ஒரு கோடு. ஒரு பாதி விலாசத்துக்கு, ஒரு பாதி சேதிக்கு. இப்படிப் பிரித்து எழுத முதலில் அனுமதித்தது இங்கிலாந்து, 1902-ல். அதற்கு முந்தைய படமாக இருக்க வழியில்லை.

அதே காலத்தில்தான் சென்னை மியூசியத்தில் எட்கர் தர்ஸ்டன் நம்ம ஜனங்களை நிறுத்தி மூக்கையும் மண்டையையும் அளந்துகொண்டிருந்தார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வந்தன. அதில் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பேர்தான் இருக்கும், ஆள் பேர் இருக்காது. ஆயாவை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. சுரங்கக் கூலியில் காசு கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, நேராகப் பார்க்கிறாள். அவளுக்கும் பேர் இல்லாமல் போனதற்கு தர்ஸ்டன் காரணமில்லை, நாமதான். நானும் இத்தனை வருஷம் கேட்கலையே.

பின்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கிறேன், பேனா மை ஊறிவிடும் என்பதால்: '1902-க்குப் பின், அநேகமாக 1918-க்கு முன்.' பேருக்கு இடம் விட்டிருக்கிறேன். அத்தைக்கு ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி தங்கவயலில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.