விடியற்காலையில் மீன்தொட்டி

வீட்டில் செடி வைத்த மீன்தொட்டி இருந்தால், விளக்கைப் போடுவதற்கு முன்னால் அதை ஒரு நிமிடம் பாருங்கள். மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா? தொட்டியில் கூட்டம் அதிகமாக இருக்கலாம்.

வெளிச்சம் இருக்கும்வரை செடிகள் ஆக்சிஜனை வெளியிடும். விளக்கை அணைத்ததும் அவையும் மீன்களோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. 'செடிதான் இருக்கிறதே, இன்னும் நாலு மீன் விடலாம்' என்பவர்கள் இந்த ராத்திரிக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது கழிவு. மீன் வெளியேற்றும் அம்மோனியா அதற்கே விஷம். பில்டரிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாக்கும். செடிகளும் தம் பங்குக்கு உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் புதுத் தொட்டியில் பாக்டீரியா பெருகச் சில வாரங்கள் ஆகும். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் பார்க்கிற மீனையெல்லாம் ஒரே நாளில் வாங்கி வந்து விடாதீர்கள், பாவம். கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி கணக்குப்படி 56 லிட்டர். மணலும் கல்லும் போனால் 45 லிட்டர் தேறும். அதற்குப் பத்து நியான் டெட்ரா, அடியில் மேயும் கோரிடோரஸ் ஐந்தாறு போதும். கோல்டுபிஷ் வேண்டவே வேண்டாம். கடையில் விரல் நீளம்தான் இருக்கும். வளர்ந்தால் அரை அடியைத் தாண்டும், செடியையும் தின்றுவிடும். கப்பி வாங்கினால் ஆண் மீன்களாகப் பார்த்து வாங்குங்கள். பெண் கப்பி ஏறக்குறைய மாதம் ஒரு தடவை குட்டி போடும்.