விடிய விடிய ஒரு பாட்டு நாடகம்



நாடகம் என்றதும் பலருக்கும் சபாவும் டிக்கெட்டும்தான் நினைவுக்கு வரும். டிக்கெட்டே இல்லாமல், ஊர்க்காரர்களே ஆடிப் பாடி நடத்தும் ஓர் இசை நாடகத்தைப் பற்றி இன்று பேசலாம். தஞ்சாவூரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது மெலட்டூர். அங்கே ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாதான் அது. மேடை வரதராஜப் பெருமாள் சன்னதியைப் பார்த்தபடி இருக்கும். முதல் ரசிகர் பெருமாள். நாமெல்லாம் அவருக்குப் பிறகுதான்.

தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்து இந்த ஊரில் குடியேற்றினார் என்பது ஊர் வரலாறு. அரண்மனையில் அன்று தெலுங்குக்குத்தான் மதிப்பு. நாடகங்களும் தெலுங்கிலேயே அமைந்தன. இன்று ஆடப்படும் 'பிரகலாத சரித்திரம்' முதலான நாடகங்களை இயற்றியவர் இதே ஊர் வேங்கடராம சாஸ்திரி. தியாகராஜர் காலத்தவர், அவருக்கும் மூத்தவர்.

ராத்திரி சாப்பாடு முடிந்து ஜனம் கூடிய பிறகு ஆட்டம் தொடங்கும். கூம்புக் குல்லாய் வைத்த கோணங்கி முதலில் குதித்து வருவான். சலசலவென்று பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தை அடக்குவது அவன் வேலை. அடுத்து, யானைமுகம் அணிந்த ஒரு சிறுவன் பிள்ளையாராக வந்து ஆசி கொடுப்பான். அதற்குப் பிறகுதான் கதை.

ஒவ்வொரு பாத்திரமும் நுழைவதே ஒரு தனிக் காட்சி. இரண்டு பேர் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, பக்கவாட்டில் பாட்டு எழும். இதைப் பாத்திரப் பிரவேச தரு என்பார்கள். வருகிறவர் யார், எப்படிப்பட்டவர், என்ன அலங்காரத்தில் வருகிறார் என்பதெல்லாம் பாட்டிலேயே வந்துவிடும். திரை விலகும்போது ஆள் நமக்குத் தெரிந்தவராகிவிடுகிறார்.

பெண் வேடங்களும் ஆண்களுக்கே. பிரகலாதனுக்குத் தாயார் கையாலேயே விஷம் கொடுக்கச் சொல்கிறான் இரணியன். புருஷன் பேச்சைத் தட்டவும் முடியாமல், பிள்ளையைக் கொல்லவும் மனம் வராமல் லீலாவதி தவிக்கும் கட்டம் அது. அந்த நேரத்தில், புடவைக்குள் இருப்பவர் ஓர் ஆண் என்ற நினைப்பே நமக்கு வராது.

நரசிம்மர் தோன்றுவதற்குள் விடியற்காலை ஆகிவிடும். நரசிம்ம வேடத்துக்கான முகமூடி வெறும் நாடகச் சாமான் அல்ல, பூஜையில் வைத்திருப்பது. அதை அணிகிறவர் விரதம் இருப்பார். ஆவேசம் வந்துவிட்டால் தனியே நிற்க மாட்டார், நாலைந்து பேர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து கைகூப்பிவிடும். அதன் பிறகு அங்கே ரசிகர், பக்தர் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நடிக்கிறவர்களில் பலர் வேறு வேலை பார்ப்பவர்கள். வெளியூரில் உத்தியோகம், லீவு போட்டுவிட்டு ஊருக்கு வருவார்கள். அப்பா ஆடிய வேடம் பிள்ளைக்கு வரும். ஒரு காலத்தில் நலிந்துபோன இந்தக் கலை 1930களில் மறுபடி தலையெடுத்தது. பரதநாட்டியத்துக்காக வாதாடிய வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் இதை வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னார். ஆனாலும், ஆடுவதற்கு ஊரில் ஆள் இல்லாவிட்டால் யார் சொல்லி என்ன? பிழைப்புக்காக ஆடியிருந்தால் வரும்படி குறைந்த அன்றே நின்றிருக்கும். எங்கள் ஊர் நாடகம் என்ற பிடிவாதம்தான் அதைக் காப்பாற்றியது.

தெலுங்கு தெரியாதே என்று தயங்காதீர்கள். பிரகலாதன் கதை தெரியாதவர் நம்மில் யார்? மிச்சத்தை ராகம் பார்த்துக்கொள்ளும். மே மாதம் வாக்கில் தேதியை விசாரித்துக்கொண்டு, பகலில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, ஒரு துண்டும் தண்ணீர்ப் பாட்டிலுமாகக் கிளம்புங்கள். மெலட்டூருக்குப் போக முடியாதவர்கள் உங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் கூத்தோ நாடகமோ நடந்தால் போய் உட்காருங்கள். ஊர்க்காரர்கள் ராத்திரி முழுக்க ஆடுகிறார்கள். கடைசி மங்களம் வரைக்கும் இருந்து பார்ப்பதுதான் நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.